பச்சைக்கு வலப்பக்கம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்று. இப்படி ஏறுமாறாக அமைந்தால் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு தர்மசங்கடம் வரும். இவர்களுக்கு வரவில்லை. சவரிராயன் அவரை "டீச்சர்" என்றார். தையல்நாயகி அவரை "அண்ணே" என்றார். ஒன்பது வருடமாக வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் குருவும் சீடருமானது ஒரு சண்டையில்.

நாகப்பட்டினத்தில் ஓர் இசைப் போட்டி. பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்த தையல்நாயகியை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். சவரிராயன் தன் 'உப்பனாறு' குழுவோடு மேடையேறினார். மொத்தம் ஐந்து பேர். மாதா கோயில் ஆர்மோனியத்தில் பழகிய கையோடு சவரிராயன் கீபோர்டில் இருந்தார். ஜெரோம் கிடார், வீரமணி பறை, ஷாகுல் தப்ஸ் கொட்டு. நடுவில் ஜரிகை வேட்டியும் வியர்வையுமாக உத்திராபதி, நாகஸ்வரம். நாகூர்க் கந்தூரித் தாளத்தில் ஆரம்பித்தது, சாவு வீட்டுப் பறைக்குள் புகுந்து, வேளாங்கண்ணித் தேர் வரும்போது பாடுகிற மெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் தோடியில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

தையல்நாயகி மதிப்பெண் தாளில் 'எந்தப் பிரிவிலும் சேராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் சவரிராயன் வெளிப்பாளையத்தில் அவர் குடியிருந்த மாடிக்கு ஏறினார். கீழே சைக்கிள் கடை. படியேறும்போதே குரலை ஏற்றிக்கொண்டார்.

"எந்தப் பிரிவுலயும் சேராதுன்னா, நாங்க எங்க போயிச் சேர்றது?"

"தெரியலைங்க" என்றார் தையல்நாயகி. "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அஞ்சு பேரும் அஞ்சு ஊர்லேருந்து வந்த மாதிரி வாசிச்சீங்க. சுருதி மட்டும் மயிரிழை பிசகலை. அது எப்படி?"

தன் குழுவைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை ஒரு சின்னப் பெண் கேட்டுவிட்டாள் என்பது சவரிராயனுக்கு அவமானமாக இருந்தது. பிறகு, "அப்ப நீங்களே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் வந்தார்.

அந்த மாடி அறையில் ஒரு வழக்கம் உண்டு. சுருதிப் பெட்டி ஓடாமல் யாரும் பேசக் கூடாது. பாட்டுப் பாடினாலும் சரி, பால்காரரோடு பேசினாலும் சரி, முதலில் பெட்டியைப் போட்டாக வேண்டும். ஏன் என்று சவரிராயன் ஒரு தடவை கேட்டார்.

"அது ஓடுறப்போ பொய் சொன்னா எனக்கே காது கூசும்" என்றார் டீச்சர்.

இந்தக் கதை நடந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். காலை பத்து மணிக்குச் சவரிராயன் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். முகத்தில் களை இல்லை. டீச்சர் பெட்டியைப் போட்டார். அவர் காகிதத்தை நீட்டினார்.

சென்னையில் நடக்கப்போகும் ஒரு பெரிய இசை விழாவின் விண்ணப்பப் படிவம். பெயர், ஊர், ஆட்கள் எத்தனை, கருவிகள் என்னென்ன. அதற்குக் கீழே 'இசை வகை' என்று ஒரு கட்டம். 'ஒன்று மட்டும் எழுதவும்' என்று அடியில் கோடு போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் நிரப்பியாகிவிட்டது. அந்தக் கட்டம் மட்டும் காலி.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும் டீச்சர். என்ன எழுதுறோமோ அதுதான் போஸ்டர்ல வரும். ராக்குன்னு எழுதச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லி என்ன ஆகப்போவுது? இருபது வருஷமா சொல்லிப் பார்த்தாச்சு."

அது உண்மைதான். சவரிராயன் சொல்லாத பேரில்லை. கிராமிய இசை என்று சொல்லி ஒரு விழாவுக்குப் போனார். அங்கே இருந்தவர் கீபோர்டின் ஒயரைக் கையில் தூக்கிப் பார்த்து, "கரண்ட்ல ஓடுறது கிராமியமாய்யா?" என்றார். கல்லூரி ஒன்றில் ராக் போட்டிக்குப் போனபோது உத்திராபதியின் வேட்டியைப் பார்த்ததுமே, "கல்யாண மண்டபம் அடுத்த தெரு" என்று வழி சொன்னார்கள். கோயில் திருவிழாக் கமிட்டி கிடாரை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னது. மாதா கோயில் திருவிழாக் கமிட்டி நாகஸ்வரத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னது. ஃப்யூஷன் என்று எழுதினால் போதும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். எழுதினார். வீணை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், வீணை இல்லாமல் எப்படி ஃப்யூஷன் என்று கேட்டார்கள்.

ஒரு வருடம் வெறுத்துப்போய் 'மற்றவை' என்று எழுதினார். அதற்கு இடம் கிடைத்தது. காலை பதினோரு மணிக்கு, வாகனம் நிறுத்துமிடத்தில், மிமிக்ரிக்கும் மேஜிக்குக்கும் நடுவில். மேஜிக்காரரின் புறா ஒன்று பாதிப் பாட்டில் வந்து கீபோர்டு மேல் உட்கார்ந்துகொண்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். உத்திராபதியும் சிரித்தார். சவரிராயன் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தத் தடவை அவங்களாத்தான் கூப்பிட்டாங்க டீச்சர். நாலு நாள் விழா. பத்தாயிரம் பேர் வருவாங்க. இதுவும் போச்சுன்னா எங்களை யாரும் சீந்த மாட்டாங்க. ஜெரோம் துபாய்க்குப் போறேங்கிறான். வீரமணி மாசத்துல பாதி நாள் பயிற்சிக்கே வர்றதில்ல."

"சரி."

"ராக்குங்கிற பேரு எங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க பொருந்தும்னு சொன்னா எழுதிடறேன்."

"எதை வச்சுச் சொல்றது? வாசிச்சதைப் போடுங்க."

சவரிராயன் கைபேசியில் இருந்த பதிவைப் போட்டுத் தரையில் வைத்தார். விழாக்காரர்களுக்கு அனுப்பித் தேர்வான பதிவு அது. பாட்டு ஆரம்பித்ததும் சுருதிப் பெட்டியோடு இடித்தது. டீச்சர் பெட்டியை நிறுத்தவில்லை. குனிந்து அதன் சின்னத் திருகை மெதுவாகத் திருப்பினார். இடிப்பு குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். பெட்டியும் பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. நாலு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேல" என்றார்.

"ஆமா டீச்சர்."

"மூணும் இல்ல."

"இல்ல."

"கிடாருக்கு அது ஊரு இல்லியே அண்ணே."

"இல்லதான்."

"கீபோர்டுக்கு?"

சவரிராயனுக்குச் சிரிப்பு வந்தது. "கீபோர்டு அங்க தானா நிக்காது டீச்சர். அணைச்சுப் போட்டா மறந்து போயிடும். ஒவ்வொரு தடவையும் ப்ளஸ் பட்டனை இருபத்திரண்டு தடவை அமுக்கணும். நான் பேசிக்கிட்டே அமுக்குவேன், எண்ண மாட்டேன். கையே நிறுத்திடும். ஜெரோம் கிடார் தலையில ஒரு மெஷினை மாட்டியிருப்பான். சுருதி சேர்ந்தா முள்ளு நடுவுல வந்து பச்சை லைட் எரியும். உலகத்துல எல்லாரும் பச்சைக்குத்தான் வைப்பாங்க. எங்களுக்குப் பச்சை வந்தா தப்பு. முள்ளு வலப்பக்கம் சாஞ்சு நிக்கணும். அதனாலேயே அவனுக்குக் கம்பி அறுந்துகிட்டே இருக்கும். வீரமணியும் ஷாகுலும் அதுக்குத் தகுந்த மாதிரி தோலைக் காய்ச்சிக்குவாங்க."

"ஏன் அங்க?"

"உத்திராபதி அண்ணனோட நாகஸ்வரம் அங்கதான் நிக்கும். கம்பின்னா முறுக்கலாம். அது மரம். அதை என்ன பண்றது? நாங்கதான் நகர்ந்துகிட்டோம்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"முடிவெல்லாம் பண்ணலை. முதல் நாள் அண்ணன் சீவாளியை நனைச்சு ஒரு ஊது ஊதுனாரு. ஜெரோம் ஒண்ணும் பேசாம பிருடையைத் திருக ஆரம்பிச்சான். அவ்வளவுதான்."

டீச்சர் தலையாட்டினார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் தான் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்தது. சவரிராயனுக்கு ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

"இந்தப் பதிவுல நாகஸ்வரம் கேக்கலையே அண்ணே" என்றார் டீச்சர்.

சவரிராயன் சன்னல் பக்கம் பார்த்தார். கீழே யாரோ ஒரு சக்கரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கேள்வி வராமல் தப்பித்துப் போய்விடலாம் என்று நினைத்து வந்தவர் அவர். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அது ஒண்ணுதான் இடிக்குதுன்னாங்க டீச்சர்."

"யாரு?"

"விழாக்காரங்க. மத்ததெல்லாம் ராக்குல சேர்த்துக்கலாமாம். பறை இப்பல்லாம் ஓடுதாம். தப்ஸும் பரவால்லையாம். நாகஸ்வரம் வந்தா மட்டும் கேக்கறவங்களுக்கு இது என்னன்னு குழப்பமாயிடுதாம். அதை எடுத்துட்டு ஒரு பதிவு அனுப்புங்கன்னாங்க."

"எடுத்துட்டீங்க."

"ஒரு தடவைக்கு மட்டும்னுதான் சொன்னேன். டீக்கடையில வச்சு நானே சொன்னேன். அண்ணன் எப்பவும்போல டீயை நல்லா ஆற வச்சுக் குடிச்சுக்கிட்டிருந்தாரு. சூடா எதுவும் அவருக்கு ஆகாது. கேட்டுட்டு, 'அதுக்கென்ன, ஆகட்டும்'னாரு. கிளாஸைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டாரு."

"எப்ப இது?"

"மூணு மாசம் ஆச்சு."

"அப்புறம் பார்த்தீங்களா?"

"இல்ல."

"போன்?"

"என்னன்னு பேசறது டீச்சர்? பத்து தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். வெக்கமா இருக்கு. அவர்தான் மொத மொதல்ல என்னை நம்பி வந்தவரு. அவரை நம்பித்தான் மத்த மூணு பேரும் வந்தாங்க."

டீச்சர் படிவத்தை எடுத்து, பறந்துவிடாமல் சுருதிப் பெட்டிக்கு அடியில் சொருகி வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். பெட்டியும் இதே சுருதியில ஓடட்டும். நீங்க அவர்கிட்டப் போயி, சுருதி சரியா இருக்கான்னு கேட்டுட்டு வாங்க. வந்தப்புறம் சொல்றேன், அந்தப் பேரு பொருந்துதா இல்லியான்னு."

சவரிராயன் எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. யாராவது இதைச் சொல்லித் தன்னைத் துரத்த மாட்டார்களா என்றுதான் அந்த மனிதர் மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. படியில் இரண்டு இரண்டாக இறங்கினார். ஐம்பத்தொரு வயதில் அது அவசியமில்லாத வேலை.

உத்திராபதியின் ஊருக்குப் போகும் கீழ்வேளூர் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. சிக்கல் தாண்டும்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கட்டத்தில் ஒன்றும் எழுதப் போவதில்லை. படிவத்தை அனுப்பவும் போவதில்லை. அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் உட்கார வைப்பது, பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊது ஊதச் சொல்வது. விழா போனால் போகட்டும். திரும்பவும் வாகனம் நிறுத்துமிடமானாலும் சரி. நினைக்க நினைக்க நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"நான் அண்ணனைக் கூட்டியாரப் போறேன்."

ஜெரோம், "நெசமாவா சார்?" என்றான்.

"சென்னை கிடையாது. சம்மதமா?"

"கழுதை, போவுது சார். துபாயும் போவட்டும். நான் மெஷினைப் பச்சைக்கு மாத்தவே இல்ல சார். மாத்தணும்னு தோணவே இல்ல. வீரமணி அண்ணன்கூட அன்னிக்குக் கேட்டாரு, யாருக்குடா வச்சிருக்கோம் இந்த சுருதியைன்னு."

"ஆறு மணிக்கு எல்லாரும் வந்துடுங்க" என்றார் சவரிராயன்.

உத்திராபதியின் வீடு குளத்துக்கு மேல்கரையில் இருந்தது. வாசலில் அவர் மனைவி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். சவரிராயனைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை உதறாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க தம்பி" என்றார். "உள்ளதான் இருக்காரு." அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாள் வழக்கமாக வீடு, வாசல், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறவர்.

உத்திராபதி நாற்காலியில் உட்கார்ந்து வறுக்கியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. சவரிராயனைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே, உக்காருங்க." சவரிராயன் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தார். ஒரே மூச்சில் கொட்டினார். "தப்புப் பண்ணிட்டேண்ணே. என்னை நாலு வார்த்தை திட்டுங்க, வாங்கிக்கிறேன். அந்த விழாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இப்பவே கிளம்புங்க. குழலை எடுத்துக்கங்க. பசங்கள்லாம் ஆறு மணிக்கு வந்துடுவாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் எதிரிலிருந்த கிளாஸின் மேல் போனது. டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. உத்திராபதி அதை எடுத்து ஊதாமல் கொள்ளாமல் ஒரு வாய் குடித்தார்.

"சூடா குடிக்கிறீங்களே அண்ணே" என்றார் சவரிராயன்.

உத்திராபதி சிரித்தார்.

முன்வரிசையில் மேலே நாலு, கீழே இரண்டு பற்கள் இல்லை. உதடு உள்ளே மடிந்திருந்தது. அந்தச் சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை, நல்ல சிரிப்பு. சவரிராயன் கிளாஸையும் அந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எடுத்தாச்சு" என்றார் உத்திராபதி. சொல்லெல்லாம் ஓரத்தில் காற்றாகப் போனது. "ஏழு வருசமா ஆடிக்கிட்டே இருந்துச்சு சவரி. சூடு பட்டா உயிர் போயிடும். பல் டாக்டரு பார்க்கறப்பல்லாம் எடுத்துடலாம் எடுத்துடலாம்பாரு. நான்தான் வாசிப்பு இருக்கு வாசிப்பு இருக்குன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். பல்லு இல்லாட்டி உதட்டுக்கு என்ன பிடிமானம்? சீவாளி எங்க நிக்கும்?"

"எப்பண்ணே?"

"நீ சொன்னேல்ல, அதுக்கு அடுத்த வாரம். வாசிப்பு இல்லேன்னு ஆயிடுச்சு. இனிமே எதுக்கு வலியைக் கட்டிக்கிட்டு அழுவணும்னு போயி உக்கார்ந்துட்டேன்."

"ஒரு தடவைக்கு மட்டும்னுதானேண்ணே சொன்னேன்?"

"ஆமா. சொன்னே."

அவர் மறுக்கவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. அதைத்தான் சவரிராயனால் தாங்க முடியவில்லை. திட்டினால் அழுதிருப்பார். அழுதிருந்தால் ஏதாவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

"பல் செட்டுக் கட்டிக்கலாம்ணே. இப்பல்லாம் நல்லா வருது."

"கட்டிப் பார்த்துட்டேன். சாப்பிட ஆகும். ஊதுனா காத்து ஓரத்துல ஓடிப்போயிடுது. மேல் ஸ்தாயிக்கே போவ மாட்டேங்குது." சொல்லிவிட்டு வறுக்கியின் மிச்சத்தை டீயில் போட்டார். "விடு. நல்லாத் தூங்குறேன். நல்லாச் சாப்பிடறேன். டீ சூடா குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? ருசியே வேற."

வாசலில் துணி உதறும் சத்தம் கேட்டது.

சவரிராயன் வந்த வேலையை நினைத்துக்கொண்டார். டீச்சர் கேட்டுவிட்டு வரச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கைபேசியை எடுத்தார். "இதைக் கொஞ்சம் கேளுங்கண்ணே. சுருதி சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

பாட்டு ஓடியது. உத்திராபதி முதல் அடியிலேயே தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டார். இரண்டாவது நிமிடத்தில் அவருடைய விரல்கள் முழங்கால்மேல் ஏதோ துளைகளை மூடித் திறந்தன. பிறகு அவரே அதைக் கவனித்தவர்போல் கையைத் துண்டுக்குள் எடுத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அந்தக் கை வெளியே வரவில்லை.

"இது என் சுருதில்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"அங்கயே வச்சிருக்கீங்களா?"

"யாருமே மாத்தலைண்ணே."

உத்திராபதி துண்டால் வாயைத் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை.

"எறக்கிடுங்கப்பா" என்றார். "எதுக்கு வீணா? ஜெரோமுக்குக் கம்பி அறுக்கும். பாவம், அவன் எத்தனை வருசமா எனக்காக அறுத்துக்கிட்டுக் கெடந்தான்."

சவரிராயன் திரும்பி வந்தபோது மணி நாலரை. இந்தத் தடவை படியேறும் சத்தமே கேட்கவில்லை. சைக்கிள் கடையில் சக்கரம் நிமிர்ந்துவிட்டது போல, தட்டுவது நின்றிருந்தது. மேலே சுருதிப் பெட்டி காலையில் விட்ட இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேலே. டீச்சர் மத்தியானம் போக வேண்டிய பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா?" என்று கேட்டவர், சவரிராயனின் முகத்தைப் பார்த்ததும் அடுத்த கேள்வியை நிறுத்திக்கொண்டார்.

சவரிராயன் உட்கார்ந்தார். டீயிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவும் இல்லை. அந்தப் பெட்டி ஓடும்போது அவருக்கும் பொய் வராமல் போய் வெகுநாளாகிவிட்டது. ஜெரோமின் கம்பியைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்.

"மொத மொதல்ல எழுதுனவ நான்தான் அண்ணே" என்றார். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. எந்தப் பிரிவுலயும் சேராதுன்னு."

"அதையெல்லாம் இப்ப ஏன் டீச்சர்."

"நல்ல கையெழுத்துல எழுதுனேன். இன்னும் ஞாபகம் இருக்கு."

மணி நாலே முக்கால் ஆனது. சவரிராயனின் கைபேசி இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. ஒன்று விழாக்காரர்கள். இன்னொன்று ஜெரோம். பயிற்சி நடக்கும் இடத்துக்கு எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் எதையும் எடுக்கவில்லை.

"ஜெரோமுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றார். "நான் போனாத்தான் முள்ளை நகர்த்துவானுங்க. அதுவரைக்கும் வலப்பக்கமே வச்சுக்கிட்டு உக்கார்ந்திருப்பானுங்க."

டீச்சர் பெட்டிக்கு அடியிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"காலையில ஒண்ணு கேட்டேன் டீச்சர். ராக்குங்கிற பேரு எங்களுக்குப் பொருந்துமான்னு. போயிட்டு வந்தா சொல்றேன்னீங்க."

தையல்நாயகி கையை நீட்டிச் சுருதிப் பெட்டியை அணைத்தார். ஒன்பது வருடத்தில் பெட்டி ஓடாத அந்த அறையைச் சவரிராயன் கேட்டதில்லை. பெட்டிக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்து, அதன் மேல் பேனாவை வைத்து, அவர் பக்கமாகத் தரையில் நகர்த்தினார்.

"பொருந்துது அண்ணே" என்றார். "இப்ப நல்லாப் பொருந்துது. எழுதுங்க."